சிவப்புப் பெட்டியும் நீலப் பெட்டியும்: வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சியில் தொலைக்காட்சி, டெக், ஜெனரேற்றர் திருத்தும் கடை வைத்திருப்பவர் இந்தப் பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இறுவட்டுகளையும் பழைய கசெற்றுகளையும் பற்றியவை.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் படம் ஓட்டும் பெட்டி ஒன்றும், சிவப்பு உறை போட்ட ஒரு கட்டு இறுவட்டுகளும் தந்துவிட்டுப் போனார். அங்கே யாரோ வீட்டு வாசலில் வைத்து மலிவாக விற்றார்களாம். அந்த இறுவட்டுகள் எங்கள் டிவிடி பெட்டியிலும் ஓடவில்லை, தம்பியின் புளூ-ரே பெட்டியிலும் ஓடவில்லை. பழுதா? – மாங்குளம் வாசகர்

பழுதில்லை ஐயா. அவை தோற்றுப்போன கட்சியின் இறுவட்டுகள். டிவிடிக்கு அடுத்ததாக, கூடிய தெளிவுடன் படம் காட்ட இரண்டு வகை இறுவட்டுகள் போட்டிக்கு இறங்கின. சிவப்பு உறை என்றால் எச்.டி. டிவிடி, நீல உறை என்றால் புளூ-ரே. முன்னதை டொஷிபா முன்னின்று கொண்டுவந்தது, பின்னதைச் சோனியும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். இரண்டும் 2006இல் கடைக்கு வந்தன. 2008 பெப்ரவரி 19ஆம் திகதி டொஷிபா கையை விரித்துவிட்டது. உங்கள் மைத்துனர் வாங்கிவந்த பெட்டியை விற்றவரும் அப்போது கையைச் சுட்டுக்கொண்ட ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு இறுவட்டுகளை ஓட்ட அவர் தந்த பெட்டியே வேண்டும். ஆனால், அதைச் சுவரில் குத்துவதற்கு முன்னர் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கனடாப் பெட்டியில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம்முடைய மின்சாரம் 230. அழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை நடுவில் போடாமல் குத்தினால், படம் வருவதற்கு முன்னர் புகை வரும். அந்த மணத்துடன் என் கடைக்கு வந்த பெட்டிகள் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று. சில எச்.டி. டிவிடிகளின் மறுபக்கத்தில் அதே படத்தைச் சாதாரண டிவிடியாகவும் பதித்திருந்தார்கள். உறையில் 'கொம்போ' என்று இருந்தால் இறுவட்டைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். எந்த நாட்டுப் பெட்டியில் எந்த டிவிடி ஓடலாம் என்று உலகத்தை வலயம் வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வட அமெரிக்காவுக்கான முதலாம் வலயமாக இருக்கக்கூடும். இலங்கை ஐந்தாம் வலயம். எல்லா வலயத்தையும் வாசிக்கும் மலிவுப் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் போடுங்கள். விலை கூடிய பெட்டிதான் இந்த விடயத்தில் பிடிவாதம் பிடிக்கும்.

கேள்வி: எச்.டி. டிவிடியும் புளூ-ரேயும் ஒரே நீல லேசர்க் கதிரைத்தான் பாவிக்கின்றன என்று படித்தேன். அப்படியிருக்க ஒன்றின் இறுவட்டு மற்றதில் ஏன் ஓடவில்லை? ஒன்று ஏன் தோற்றது? காசு கொடுத்து வாங்கிய சனம் கோபப்படவில்லையா? – உயர்தர மாணவி, கிளிநொச்சி

பிள்ளை, மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர். அவிழ்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கதிர் ஒன்றுதான். 405 நனோமீற்றர், நீலமும் ஊதாவும் கலந்தது. சீடிக்கு 780, டிவிடிக்கு 650. அலைநீளம் குறையக் குறையப் புள்ளியைச் சிறிதாக்கலாம், அதே வட்டில் கூடுதலாக எழுதலாம். பிரச்சினை ஆழத்தில் இருக்கிறது. எச்.டி. டிவிடியில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது. டிவிடியிலும் அவ்வளவுதான். புளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீற்றர். ஒரே வாளி, ஒரே கயிறு. ஒரு கிணற்றில் தண்ணீர் ஆறு முழத்தில், மற்றதில் ஒரு முழத்தில். கதிரைக் குவிக்கும் கண்ணாடி வில்லையை அதற்கேற்ப வேறாகச் செய்ய வேண்டும். மேற்பரப்புக்குக் கிட்ட எழுதியதால் புளூ-ரேயில் ஓர் அடுக்கில் 25 கிகாபைட் கொண்டது, எச்.டி. டிவிடியில் 15. ஆனால், டொஷிபா பக்கத்தில் ஒரு சௌகரியம் இருந்தது: டிவிடி அடித்த தொழிற்சாலையைச் சிறிது மாற்றினாலே இதையும் அடிக்கலாம். அதனால் மலிவு.

மலிவு எவ்வளவு என்றால், 2006இல் அமெரிக்காவில் டொஷிபாவின் முதற்பெட்டி 499 டொலர், சம்சுங்கின் முதல் புளூ-ரே பெட்டி 999 டொலர். பாதி விலை. 2007 நவம்பரில் வோல்மார்ட் டொஷிபா பெட்டியை 100 டொலருக்கும் கீழே கொடுத்தபோது சனம் முண்டியடித்து வாங்கியது. அப்படியும் தோற்றது. சோனி தன்னுடைய பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள் புளூ-ரேயை வைத்து விற்றது. விளையாட வாங்கிய பிள்ளைகளின் வீடுகளில், கேளாமலே ஒரு புளூ-ரே பெட்டி குடியேறியது. அதன் பிறகு படக் கம்பனிகள் பக்கம் பார்த்தன. 2007 ஓகஸ்டில் பரமவுண்ட் சிவப்புப் பக்கம் போனது. 2008 ஜனவரி 4ஆம் திகதி வோர்னர் நீலப் பக்கம் என்று அறிவித்தது. அதுவரை வோர்னர் இரண்டிலும் படம் வெளியிட்டு வந்தது. அந்த அறிவிப்புடன் சண்டை முடிந்த மாதிரித்தான். அடுத்த மாதம் அப்போது தபாலில் இறுவட்டு வாடகைக்கு விட்ட நெட்பிளிக்ஸ், பெரிய கடைகளான பெஸ்ட் பை, வோல்மார்ட் எல்லாம் வரிசையாகக் கைகழுவின.

இப்போது சனத்துக்கு வருவோம். கோபப்பட்டார்கள். டொஷிபா கைவிட வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்தவர்கள் உண்டு. பெஸ்ட் பை தன்னிடம் சிவப்புப் பெட்டி வாங்கியவர்களுக்கு 50 டொலர் அட்டை கொடுத்துச் சமாதானம் செய்தது, அமேசனும் 50 டொலர் கழிவு கொடுத்தது. வேறு சிலர் மூடுவிழாத் தள்ளுபடியில் படங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவருடைய கட்டுத்தான் மாங்குளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறதோ என்னவோ. இரண்டையும் ஓட்டும் பெட்டியை எல்.ஜி. 2007இல் கொண்டுவந்தது. அதன் விலைக்கு இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாக வாங்கிவிடலாம் என்று சனம் கணக்குப் பார்த்தது.

ஆனால், கோபப்பட்டவர்களை விட, மனுக் கொடுத்தவர்களை விட, எண்ணிக்கையில் அதிகமானவர்கள் ஒன்றுமே செய்யாதவர்கள். கடைக்குப் போனார்கள், இரண்டையும் பார்த்தார்கள், வெறுங்கையுடன் வீட்டுக்குத் திரும்பினார்கள். அலுமாரி நிறைய டிவிடி இருக்கிறது, படமும் நன்றாகத்தான் தெரிகிறது, நீங்கள் அடிபட்டு முடியுங்கள், பிறகு வருகிறோம் என்றார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சண்டையைத் தீர்த்தவர்கள் இவர்கள்தான். வோர்னர் சொன்ன காரணத்தைப் பாரும்: சனத்தின் குழப்பம் நீடித்தால் இந்தத் தொழிலுக்கே வாய்ப்புத் தவறிவிடும் என்றது. வாங்காமல் நின்ற சனத்துக்குத்தான் பயந்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது வேறு. 1995இல் டிவிடிக்கும் இப்படி இரண்டு கட்சி இருந்தது. ஒன்றில் சோனியும் பிலிப்ஸும், மற்றதில் டொஷிபாவும் வோர்னரும். ஐ.பி.எம். முதலான கணினிக் கம்பனிகள் ஒன்றுக்குத்தான் ஆதரவு தருவோம் என்று அழுத்தி நின்றதால் இரண்டு பகுதியும் இணங்கி ஒரே டிவிடியாக வந்தது. பத்து வருடம் கழித்து, 2005இல், அதே ஆட்கள் மறுபடியும் பேசினார்கள், பேச்சு முறிந்தது. உரிமைப் பணம் யாருக்குப் போவது என்பதில் இரு பக்கமும் கண்ணாக இருந்தார்கள். சமாதானம் செய்யத் தெரிந்தவர்கள், செய்யவில்லை. பேச்சுவார்த்தை முறிவதைப் பற்றி வன்னிப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டில் எச்.டி. டிவிடி, புளூ-ரேச் சண்டை நடந்த நேரம் வன்னியில் நீங்கள் எதில் படம் பார்த்தீர்கள்? – குருமன்காடு, வவுனியா

நீங்கள் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவர் போல இருக்கிறது, தம்பி. 2006 ஓகஸ்டில் போர் மூண்டு, வன்னிக்கு வரும் ஏ-9 பாதை மூடப்பட்டது. டொஷிபா தோல்வியை ஒப்புக்கொண்ட 2008 பெப்ரவரியில் மன்னார்ப் பக்கம் சண்டை, மாந்தை மேற்குச் சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் சாமான் ஏற்றி வந்துகொண்டிருந்தது. சிவப்பா நீலமா என்று கேட்க அந்த நேரத்தில் இங்கே ஆளில்லை.

எங்களுக்கு அதற்கு முன்னரே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. கசெற்றா, சீடியில் படம் பதிந்த வீசீடியா என்ற சண்டை. 1990களில் இங்கே கம்பியில் மின்சாரம் கிடையாது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. படம் என்றால் டெக்கும் தொலைக்காட்சியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுக்க வேண்டும், எண்ணெய்க்கு ஊரே காசு சேர்க்க வேண்டும். டெக் வைத்திருந்தவருக்குக் கோயில் தர்மகர்த்தாவை விட மரியாதை.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து பாதை திறந்ததும் வவுனியாவிலிருந்து பொலித்தீன் உறை போட்ட வீசீடிகள் வந்து குவிந்தன. டிவிடியும் வந்தது. ஆனால், சனம் வீசீடியைத்தான் பிடித்துக்கொண்டது. படத்தின் தரத்தைப் பார்த்தால் இது நடந்திருக்கக் கூடாது. வீசீடியின் படம் 352க்கு 288 புள்ளி, ஏறத்தாழப் பழைய கசெற்றின் அளவுதான். ஓர் இறுவட்டில் 74 நிமிடம், ஆகவே நம்முடைய படத்துக்கு இரண்டு வேண்டும், நீளமான படமென்றால் மூன்று. முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கதாநாயகன் வில்லனை நோக்கி ஓடுகிற இடத்தில் திரை நீலமாகிவிடும். ஒருவர் எழுந்து போய் அடுத்ததைப் போடுவார். மூன்றாவதை முதலில் போட்டுவிட்டால் ஏச்சு விழும். கீறல் இருந்தால் நடிகையின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நிற்கும், பாட்டு மட்டும் விக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சதுரங்களை நீக்கித் தரச் சொல்லி என்னிடம் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இருந்தும் வீசீடி வென்றது. ஏனென்றால் பக்கத்து வீட்டில் இருந்தது வீசீடி. மாற்றிப் பார்க்கலாம். வெற்றுச் சீடியின் விலை மலிவு, கணினி வைத்திருந்த பெடியன் ஒருவன் ஊரில் இருந்தால் கொப்பி எடுத்துத் தருவான். பதினான்கு அங்குலத் தொலைக்காட்சியில் டிவிடியின் அழகு யாருக்குத் தெரியப்போகிறது? அமெரிக்கச் சனம் வாங்காமல் நின்று தீர்த்ததை, இங்கே சனம் அயலுக்குள் கைமாற்றித் தீர்த்தது. இப்போதும் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், அயலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: பழைய வீடியோக் கசெற்று வகைகளில் பீட்டாமக்ஸ் வி.எச்.எஸ்ஸை விட நல்லது, விளம்பரத்தால்தான் தோற்றது என்று என் நண்பர் வாதாடுகிறார். உண்மையா? – ஓய்வுபெற்ற அதிபர், நெடுங்கேணி

நண்பர் பாதி சரி, ஐயா. படம் ஒரு மயிரிழை தெளிவு. ஆனால், சோனி 1975இல் கொண்டுவந்த முதற்கசெற்றில் ஒரு மணித்தியாலம்தான் பதியலாம். அடுத்த வருடம் ஜே.வி.சி. வி.எச்.எஸ்ஸை இரண்டு மணித்தியாலத்துடன் இறக்கியது. ஒரு முழுப்படம் கொள்ளாத கசெற்றை வைத்துக்கொண்டு தெளிவைப் பற்றிப் பேசி என்ன பயன்? சோனி பிறகு நேரத்தைக் கூட்டியது, அதற்குள் மற்றவர்கள் பல கம்பனிகளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். சுவாரசியம் என்னவென்றால், தோற்ற அந்தப் பெட்டிதான் வழக்கில் வென்றது. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது சோனியின் பீட்டாமக்ஸ் வழக்கில்தான். ஐந்துக்கு நான்கு. ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறு.

கேள்வி: கீறல் விழுந்த இறுவட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகுமா? – முள்ளியவளை வாசகர்

சீடி, டிவிடி என்றால் சிறு கீறலுக்குச் சில வேளை சரிவரும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் உள்ளதும் போகும். புளூ-ரேயில் தொடவே வேண்டாம், 0.1 மில்லிமீற்றரில் தேய்க்க என்ன இருக்கிறது? சீடியில் படம் ஒட்டிய மேற்பக்கம் கீறினால் எந்தப் பசைக்கும் அடங்காது, தகவல் அந்தப் பக்கத்துக்குக் கீழேதான் இருக்கிறது. சனம் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேற்பக்கத்தில் பேனையால் குத்தி எழுதுகிறது.

கேள்வி: எங்கள் கலியாணக் கசெற்றை 2009இல் பிளாஸ்டிக் கானுக்குள் வைத்து வளவில் தாட்டுவிட்டுப் போனோம். மீள்குடியேறியதும் தோண்டி எடுத்தேன். ஒரு கடையில் கொடுத்தேன், டெக்கில் போட்டவுடன் நாடா சிக்கி அறுந்துவிட்டது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. எங்கள் ஐயா நடமாடுகிற ஒரே படம் அதில்தான் இருக்கிறது. ஏதாவது செய்யலாமா, அண்ணா? – புதுக்குடியிருப்பு வாசகி

செய்யலாம், தங்கச்சி. முதலில், இனி எவரிடமும் அதை டெக்கில் போடக் கொடுக்காதீர்கள். வெள்ளையாகத் தெரிவது பூஞ்சணம். நாடாவின் சுற்றுகளை அது ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கும். டெக் அதை அறியாது, இழுக்கும், அறும். அதுமட்டுமல்ல, பூஞ்சணம் டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்து அதில் போடுகிறவரின் கசெற்றுக்கும் போய்ச் சேரும்.

கசெற்றை நிமிர்த்தி வைத்து, நீர் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுகிய மூடியுள்ள தகரப் பெட்டியில் சில கிழமை வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் போனால் பூஞ்சணம் மாப்போல உதிரும் நிலைக்கு வரும். மிச்சத்தைக் கடையில் செய்யலாம். என்ன செய்வோம் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயம் தெளியும்.

அடிப்பக்கத்தில் ஐந்து திருகாணிகள். அவற்றைக் கழற்றி மேல்மூடியை நிமிர்த்தித் தூக்கினால் இரண்டு சுருள்களும் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஒரு புதிய கசெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய சுருள்களை அந்தக் கூட்டுக்குள் மாற்றுவோம். மூக்கைக் கட்டிக்கொண்டுதான் இந்த வேலை, அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. பிறகு கையால் மெல்ல மெல்லச் சுற்றுவது. நூல் உதிராத துணியில் ஐசோபுரோபைல் அற்ககோல் சிறிது தொட்டு, நாடா அதன் நடுவால் போகும்படி பிடிப்போம். துணி முதலில் வெள்ளையாகும், பிறகு கபிலமாகும். கபிலம் கூடினால் நிறுத்திவிட வேண்டும், அது படத்தைத் தாங்கும் பூச்சு. ஒட்டியிருக்கும் இடத்தில் இழுக்காமல் விரலால் தட்டித் தட்டிப் பிரிக்க வேண்டும். ஒரு பகல் போகும், சில கசெற்றுக்கு இரண்டு.

அறுந்த இடத்தைச் சாதாரண ஒட்டு நாடாவால் ஒட்டக் கூடாது, அதன் பசை வெயிலுக்கு இளகி வெளியே வரும். இதற்கென்று உள்ள மெல்லிய நாடாவை முதுகுப் பக்கத்தில் வைத்து ஒட்டுவோம். சுருங்கிப்போன துண்டை வெட்டுவதால் சில விநாடிகள் போகும். கடைக்காரர் போட்டவுடனேயே அறுந்தது என்றால் சேதம் தொடக்கத்திலாக இருக்கும். நம்முடைய கலியாணக் கசெற்றுகளில் தொடக்கம் பெரும்பாலும் ரோசாப்பூ சுழல்வதும் பெயர் வருவதும்தான். ஐயா அதற்குப் பிறகுதான் வருவார்.

கடைசியாக, ஒரே ஒரு தடவை ஓட்டிக் கணினியில் பதிந்துவிட வேண்டும். டெக் செய்துவந்த கடைசிக் கம்பனியான புனாய் 2016இல் நிறுத்திவிட்டது. உதிரிப்பாகத்துக்காக நான் பழைய டெக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அவையும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடுகின்றன. ஆகவே பிந்த வேண்டாம். பதிந்த பிறகு ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சகோதரத்திடம். கசெற்றையும் எறியாதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளரின் கலியாணப் படங்களைப் புளூ-ரேயில் எழுதிக் கொடுக்கலாமா? – படப்பிடிப்பாளர், தருமபுரம்

வாங்கிக்கொண்டு போய் எதில் போடுவார்கள்? வென்ற கட்சிக்கும் வயது போய்விட்டது. சம்சுங் 2019இல் புதிய பெட்டிகள் செய்வதை விட்டது. எழுதும் புளூ-ரே இறுவட்டைச் சோனி 2025 பெப்ரவரியுடன் நிறுத்தியது. இரண்டு வன்தட்டுகளில் வைத்துக் கொடுங்கள், ஒன்றை அவர்கள் தொடாமல் வைக்கட்டும்.

கேள்வி: லண்டன் சித்தப்பா புளூ-ரே பெட்டி அனுப்புகிறேன் என்கிறார். அண்ணன் வாங்குவோம் என்கிறார், இருக்கிற டிவிடி போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – மல்லாவி வாசகர்

வீட்டுத் தொலைக்காட்சி எத்தனை அங்குலம் என்று நீங்கள் எழுதவில்லை. 32 அங்குலம், பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பது என்றால் நீங்கள் சொல்வது சரி, வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 55 அங்குலம் என்றால் அண்ணன் சொல்வது சரி. ஆனால், லண்டன் புளூ-ரே பெட்டி 'பி' வலயத்துக்கு உரியது, இந்தியாவில் விற்கும் இறுவட்டு 'சி' வலயமாக இருந்தால் அதில் ஓடாது. அதையும் சித்தப்பாவிடம் கேட்டு, தொலைக்காட்சியையும் அளந்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். அதுவரை இருவரும் கதைத்துக்கொள்ளுங்கள்.